மினி டிராக்டர் செல்ஃப் எடுக்கலையா? மோட்டாரைக் கழட்டுறதுக்கு முந்தி எர்த்தைப் பாருங்க

வீரவநல்லூர் விவசாயி:

பிசான நெல்லுக்குத் தொழி அடிக்கிற, அதாவது வயலைச் சேறாக்குற நேரம். கன்னடியன் கால்வாயில தண்ணி வந்தாச்சு, நடவுக்கு ஆளும் சொல்லியாச்சு. அப்பப் பாத்து வண்டி செல்ஃப் எடுக்கல. சாவியைத் திருப்பினா சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டு விடுற சுவிட்ச்) 'டக்'னு இழுக்கும், மோட்டார் முனகி அரைச்சுத்து சுத்தும், நின்னுரும்.

வந்து பாத்த மெக்கானிக், காயில் போயிருக்கும், கழட்டி வைண்டிங்குக்குக் கொடுக்கணும்னார். இன்னொருத்தர் பேட்டரியை மாத்தச் சொன்னார். ரெண்டும் காசு, ரெண்டும் நாள் கடத்துற வேலை. பக்கத்து வயல் அண்ணாச்சி மல்டிமீட்டரோட வந்தார். பேட்டரி சும்மா இருக்கையில 12.6 வோல்ட், நல்ல சார்ஜ். சாவியைத் திருப்பச் சொல்லிட்டு மீட்டரையே பாத்துக்கிட்டு நின்னார். 11.5-க்குக் கீழ இறங்கவே இல்ல.

"மோட்டார் கரண்டை இழுக்கலடே, வழியில எங்கயோ அடைப்பு இருக்கு"ன்னார். பேட்டரி சோந்திருந்தாலோ மோட்டார் இறுகிப் பிடிச்சிருந்தாலோ வோல்ட் 9-க்குக் கீழ சரிஞ்சிருக்கும். சரியாம நின்னா கரண்டு போற பாதையிலயோ மோட்டாருக்குள்ள பிரஷ்லயோ குறை. இதை எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கிடணும். எத்தனையோ நல்ல மோட்டாரை வீணா பிரிச்சுப் போடுதாங்க.

அடுத்து மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகடிவ் கம்பத்துல வச்சார். மேல இருக்கிற கிளாம்ப்புல இல்ல, ஈயக் கம்பத்துலயே. மறுமுனையை செல்ஃப் மோட்டார் உடம்புல வச்சு சாவியைத் திருப்பினா 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது. எங்க வண்டியில 3-ஐத் தாண்டுச்சு. பேட்டரி நெகடிவ்ல இருந்து வண்டி உடம்புக்கு வர்ற எர்த் ஒயரை ஹவுசிங்ல (இரும்புக் கூட்டுல) முடுக்கியிருக்கிற போல்ட்டைக் கழட்டினா, வெளிய பளிச்சுனு இருந்த லக்குக்கு (ஒயர் முனை வளையத்துக்கு) அடியில பூரா துரு. கேஜ் வீல் (சேத்துல ஓட்ட மாட்டுற இரும்புச் சக்கரம்) போட்டு சேத்துக்குள்ளயே ஓடுற வண்டி, தொழித் தண்ணி அங்க போய்த் தங்காம எங்க போகும்? உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சு, இறுக்கி முடுக்கி, மேல வாசலின் தடவினோம். சாவியைத் திருப்பின உடனே எடுத்துருச்சு.

களக்காடு வாழைத் தோட்டம்:

எங்க வண்டியில எர்த், பாசிடிவ் ரெண்டும் சுத்தம் அண்ணாச்சி. பேட்டரியில இருந்து மோட்டாரோட தடி போல்ட் வரைக்கும் அரை வோல்ட்கூட விழல. ஆனாலும் 'டக்' சத்தத்தோட சரி. சாவியைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு, மோட்டார் உடம்புல சுத்தியல் கட்டையால மெதுவா தட்டினா எடுக்கும். கார்பன் பிரஷ் தேஞ்சு, ஆர்மேச்சரை (மோட்டாருக்குள்ள சுத்துற பாகத்தை) தொடாம நின்னுருக்கு. பிரஷ் மாத்துறப்ப, ஆர்மேச்சர் தண்டைத் தாங்குற புஷ்ஷையும் சேத்து மாத்தினோம். புஷ் தேஞ்சா ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாஞ்சு உரசும். தட்டித் தட்டியே ரொம்ப நாள் ஓட்டாதீங்க, தோட்டத்து நடுவுல நின்னா வாழைத்தாரைத் தலையிலதான் சுமக்கணும்.

மானூர் மெக்கானிக்:

சத்தத்தை வச்சே பாதி கண்டுபிடிச்சிரலாம். 'டக்டக்டக்'னு விடாம அடிச்சா முதல்ல பேட்டரி, டெர்மினல். சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், சாவி சுவிட்ச், கிளட்ச் பக்கம் இருக்கிற சேஃப்டி சுவிட்ச். மோட்டார் 'விர்ர்'னு சுத்தி இஞ்சின் அசையலைன்னா பெண்டிக்ஸ் (மோட்டார் சுத்தை இஞ்சினுக்குக் கடத்துற பல்சக்கரம்) வழுக்குது, இல்ல அது போய்ப் பிடிக்கிற இஞ்சின் ஃப்ளைவீல் பல் போயிருக்கு. எடுக்கலைன்னு பத்து செகண்டுக்கு மேல பிடிக்காதீங்க, ஒரு நிமிஷம் ஆற விட்டு மறுபடி அடிங்க. நல்ல மோட்டார் எரியறது பெரும்பாலும் அப்படித்தான்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்கேன். கீழ நின்னுக்கிட்டு சொலினாய்டு போல்ட் ரெண்டையும் ஸ்குரூ டிரைவரால தொட்டு ஸ்டார்ட் பண்ணாதீங்க. அப்படிச் செஞ்சா சேஃப்டி சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான். கியர்ல கிடந்தா, ஆள் நிக்கிறது பெரிய டயருக்கு முன்னாடி, வண்டி அப்படியே ஏறிரும். எங்க பக்கத்துல ஒருத்தர் இடுப்பு எலும்பு முறிஞ்சு இன்னைக்கும் தாங்கித் தாங்கித்தான் நடக்கார். சோதிக்கணும்னா கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், டயருக்கு முன்னும் பின்னும் கல். சீட்டுல ஒருத்தர் உக்காந்து சாவியாலதான் அடிக்கணும். ஒயரைக் கழட்டுறதா இருந்தா நெகடிவை முதல்ல கழட்டுங்க, மாட்டும்போது கடைசியா மாட்டுங்க.