கிற்றாரில் இரைச்சல்: செப்புத் தாளா, ஹம்பக்கரா?

கடலோரத்தான்
வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கம் ஒரு ஒழுங்கையில் மேல்மாடி அனெக்ஸில் இருக்கிறேன். ஸ்ட்ராற் வகை மின்கிற்றார், தந்தியின் அசைவைப் பிடிக்கும் பிக்கப் மூன்றும் சிங்கிள் கொயில், அதாவது ஒற்றைச் சுருள். 15 வாற் அம்ப்ளிஃபயர் (அம்ப்). பகலில் அவ்வளவு தெரியாது. இருட்டிய பிறகு அம்பில் சிக்னலைப் பெருக்கும் கெயினைக் கொஞ்சம் கூட்டினாலே "ஜ்ர்ர்ர்" என்று பிடித்துக்கொள்கிறது. தந்தியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் திரும்ப வரும். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் கொஞ்சம் அடங்கும். கேபிள் மாற்றியும் பயனில்லை. கடையில் செப்புத் தாள் ஒட்டச் சொல்கிறார்கள். கூட வாசிக்கும் நண்பன், ரயில்பாதை பக்கத்தில் இருப்பதால்தான் என்கிறான். பேசாமல் இரட்டைக் கொயில் பிக்கப்பான ஹம்பக்கர் போட்டுவிடலாமா? எதில் காசு போடுவது?

ஆறுகட்டை
நொய்ஸ் கேற் ஒன்று வாங்கிப் போடுங்கோ தம்பி. கதை முடிந்தது.

ஈயக்கோல்
கேற் போட்டால் நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் அமைதி. தந்தியைத் தட்டியதும் அது திறக்கும், இரைச்சலும் கூடவே வரும்.

ரயிலை விடுங்கள். நம் கரையோரப் பாதையில் ஓடுவது டீசல். மேலே மின்கம்பியே கிடையாது.

கொட்டாஞ்சேனையில் கிற்றார், அம்ப் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களுக்கு வருவது இரண்டு இரைச்சல். ஒன்றுக்கான மருந்து மற்றதற்குக் கேட்காது. முதலாவது அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று வருவது. அது வீட்டுக் கறண்டின் 50 ஹேர்ட்ஸ், காந்தப்புலமாக வந்து சேர்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஏறக்குறைய 8,000 சுற்றுச் செப்புக் கம்பி, தடிப்பு 0.06 மில்லிமீற்றர். தந்தி அசைந்தாலும் சரி, பக்கத்தில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வேலை செய்தாலும் சரி, அதற்கு எல்லாம் சிக்னல்தான். ஆனால் திசை உண்டு. மீடியம் வேவ் ரேடியோவைத் திருப்பித் திருப்பி ஸ்ரேஷன் பிடித்த காலம் நினைவிருந்தால், இங்கே பிடிக்காத பக்கத்தைத் தேடுகிறோம். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பியதும் குறைந்தது அதனால்தான்.

இரண்டாவது அந்த "ஜ்ர்ர்". இது மின்புலமாக வருகிறது, உங்கள் உடம்பே அதற்கு அன்ரெனா. தந்திகள், அவை உட்காரும் உலோகப் பிரிட்ஜ் வழியாக அம்பின் எர்த் பக்கத்துக்குப் போகின்றன. கை வைத்ததும் நீங்களும் அதோடு சேர்ந்துவிடுவதால் அடங்குகிறது. செப்புத் தாள் தடுப்பது இதை மட்டும்தான். 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலம் அந்த மெல்லிய தாளைச் சட்டை செய்யாமல் ஊடுருவிப் போகும்.

ஹம்பக்கர் முதலாவதற்கு. கிப்சனில் வேலை செய்த செத் லவர் 1955 இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு கொயில், சுற்றும் எதிர், காந்தமும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஆனால் ஸ்ட்ராற்றின் அந்தக் கண்ணாடிச் சத்தம் போய்விடும். என்னைக் கேட்டால் அது நட்டம். அதற்கு முதல் பிக்கப் மாற்றும் சுவிற்சை 2 அல்லது 4 இல் வைத்துப் பாருங்கள், அங்கே இரண்டு பிக்கப் சேர்ந்து வேலை செய்யும். பல ஸ்ட்ராற்களில் நடுப் பிக்கப்பை எதிராகச் சுற்றியிருப்பார்கள், அந்த இரண்டு இடத்திலும் "ம்ம்ம்" தானாகவே போகும்.

அறையில் ஃபேன் ரெகுலேற்றர் எந்த மாதிரி? அம்ப் பிளக் எது?

கடலோரத்தான்
அண்ணா, 4 இல் "ம்ம்ம்" காணாமலே போய்விட்டது! ரெகுலேற்றர், வழுக்கிக்கொண்டு சுற்றும் சின்னக் குமிழ். வேகத்தைப் பாதியில் வைத்தால் "ஜ்ர்ர்" மோசம், முழுக்கத் திருப்பினால் பாதிக்கு மேல் குறைகிறது. பகலில் நான் அறையில் இருந்தால் ஃபுல்லில்தான் ஓடும், இரவில்தான் குறைப்பேன். அம்ப் பிளக் இரண்டு பின். 13 அம்பியர் சொக்கெற்றில் எர்த் பின் போகும் மேல் ஓட்டையில் பேனா மூடியைச் செருகித் திறந்து, பிளக்கை உள்ளே தள்ளுகிறேன்.

ஈயக்கோல்
பேனா மூடியை இன்றைக்கே எடுங்கள். மற்றது எல்லாம் பிறகு. அம்புக்கு எர்த் இல்லை என்றால் தந்திகளுக்கும் இல்லை. உள்ளே ஏதாவது பழுதாகித் தந்தியில் கறண்ட் ஏறினால், மைக்கில் வாய் பட்டதும் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். 1972 இல் ஸ்வான்சீயில், கையில் கிற்றாரோடு எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தார். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று கம்பி வயரும் மூன்று பின் பிளக்கும் போடுங்கள். அந்த சொக்கெற்றில் எர்த் உண்மையில் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இராது. வீட்டுக்காரரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

குற்றவாளி ரெகுலேற்றர்தான். உள்ளே இருக்கும் ட்ரையக் என்ற மின்னணுச் சுவிற்ச், ஒரு செக்கனுக்கு 100 தரம் கறண்டை நடுவில் வெட்டி வெட்டி விடுகிறது. வெட்டு கூராக இருப்பதால் சத்தமும் கூர். ஃபுல்லில் வைத்தால் வெட்டுக் குறைவு. டக் டக் என்று படிப்படியாகத் திரும்பும் கப்பாசிற்றர் வகை வாங்கி மாட்டுங்கள், அது வெட்டாது. கொழும்பு வெக்கையில் ஃபேனை நிறுத்திவிட்டு வாசி என்று சொல்ல எனக்கும் மனம் வராது.

மட்டக்குளி பேஸ்
லப்ரொப்பில், கிற்றாரை அதோடு இணைக்கும் இன்ரர்ஃபேஸ் வைத்து ரெக்கோர்ட் பண்ணுகிறவர்கள் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு பின் சார்ஜர் என்றால் தந்தியைத் தொடும்போதே மெல்லச் சுள்ளென்று இருக்கும். எனக்குப் பற்றரியில் ஓடவிட்டதும் நின்றது.

கடலோரத்தான்
எலெக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார், ரெகுலேற்றரும் அவரே மாற்றுவார். அதுவரை அம்பைத் தொடமாட்டேன். செப்புத் தாள் வேண்டாம்தானே?

ஈயக்கோல்
ரெகுலேற்றர் மாற்றிய பிறகும் எரிச்சலாக இருந்தால் ஒட்டலாம், கெடுதல் இல்லை. பிக்கப்புகள் பூட்டியிருக்கும் முன்தகடான பிக்கார்டின் பின்பக்கமும், அதற்கு அடியில் உள்ள குழியும் முழுக்க மூட வேண்டும். ஒட்டும் பசை சில தாளில் கறண்டைக் கடத்தாது, அதனால் தாளும் தாளும் சேரும் இடத்தில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். அங்கிருந்து ஒரு கம்பி, வொல்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொற்றின் உலோக முதுகுக்கு. கழற்றும்போது பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பியையும் பாருங்கள். கடற்காற்றுக்கு அதில் களிம்பு பிடிக்கும். பச்சையாக இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்ற வையுங்கள்.