ஜெர்மனிக்கு மாங்கூழ் டின் விற்கும் தளம்: அணுகல் சட்டம் நம்மையும் பிடிக்குமா?

பெங்களூரா_மாங்கா:
கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியின் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். டிரம் சரக்கு இறக்குமதியாளர்களுக்குப் போகிறது, அதற்குத் தளத்தில் ஒரு விசாரணைப் படிவம் மட்டும்தான். இப்போது 850 கிராம் டின்னை ஜெர்மனியில் வீடுகளுக்கே விற்க வூகாமர்ஸில் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) கடை திறந்திருக்கிறோம். விவசாயிகளுக்கு அன்றாட விலை காட்டும் ஆண்ட்ராய்டு ஆப்பும் உண்டு. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்கிற ஐரோப்பிய அணுகல் சட்டத்துக்கு, தளத்தின் மேல் ஒட்டும் ஒரு விட்ஜெட் (சிறு கருவி) போட்டால் போதும் என்று ஒருவர் வருஷக் கட்டணம் கேட்கிறார். வாங்கலாமா?

ஓசூர்_கம்ப்ளையன்ஸ்:
வாங்காதீங்க. விட்ஜெட் பக்கத்தின் மேலே ஒரு பூச்சுதான், அடியில் இருக்கும் நிரல் அப்படியேதான் இருக்கும். தன் விட்ஜெட் எந்தத் தளத்தையும் விதிக்குள் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்திடம் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2025-இல் 10 லட்சம் டாலர் வசூலித்தது.

சட்டம் உங்கள் கடைக்குப் பொருந்தும். 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. நுகர்வோருக்கு விற்பதுதான் கணக்கு, அதனால் டிரம் விசாரணைப் படிவம் இதில் வராது. சேவை தரும் குறுநிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் 10 பேருக்குக் குறைவாக இருக்கணும், விற்றுமுதலோ சொத்து மதிப்போ 20 லட்சம் யூரோவைத் தாண்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு. 14 பேர் என்றதுமே நீங்கள் வெளியே. ஜெர்மனியில் அபராதம் 1,00,000 யூரோ வரை போகலாம்.

நம்ம ஊர் ஆப்பையும் விட்டுவிடாதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 17802. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் அணுகல் தரநிலைகளைச் சொல்லும் விதி 15 வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கு என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. 89-ஆம் பிரிவில் முதல் மீறலுக்கு அபராதம் 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

டேப்_கீ:
வேலையை எங்கே தொடங்குவது என்றால், மௌஸைக் கழற்றி வையுங்க. டேப், ஷிஃப்ட் டேப், என்டர், ஸ்பேஸ் மட்டும் வைத்து ஒரு டின்னைக் கூடையில் போட்டுப் பணம் கட்டும்வரை போய்ப் பாருங்க. பெரும்பாலும் மூன்று இடத்தில் மாட்டும். எங்கே நிற்கிறோம் என்று காட்டும் ஃபோகஸ் கோட்டை தீம் செய்தவர் அழகுக்காக அழித்திருப்பார். எண்ணிக்கை கூட்டும் பட்டன் நிரலில் உண்மையான பட்டனாக இல்லாமல் வெறும் டிவ்வாக (பொதுவான பெட்டி) இருக்கும், டேப் அங்கே நிற்கவே நிற்காது. குக்கி பெட்டி திறந்தால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்து நிறம். மாம்பழக் கம்பெனி என்றாலே ஆரஞ்சு பட்டனில் வெள்ளை எழுத்துதானே! ஆர்ஜிபி 255, 165, 0 என்ற ஆரஞ்சு மேல் வெள்ளை வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டு விகிதம் 2:1-ஐக்கூடத் தொடாது. சாதாரண எழுத்துக்கு 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1. அதே ஆரஞ்சில் கருப்பு எழுத்து 10:1-ஐத் தாண்டும். பிராண்ட் நிறத்தை மாற்றவே வேண்டாம், எழுத்தை மாற்றினால் போதும்.

முகவரிப் படிவத்தில் பிளேஸ்ஹோல்டரை (பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு) லேபிளாக நம்பாதீங்க, தட்டச்சு செய்ததும் அது மறைந்துவிடும். பிழை வந்தால் பெட்டியைச் சிவப்பாக்கி நிறுத்தாமல், "அஞ்சல் எண்ணில் 5 இலக்கம் வேண்டும்" என்று எழுத்தில் சொல்லுங்க. திரையை 400% பெரிதாக்கி, பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா என்றும் பாருங்க. லைட்ஹவுஸில் (தளத்தைத் தானாகச் சோதிக்கும் கருவி) 100 வந்ததைக் காட்டி முடிந்தது என்பவரை நம்பாதீங்க. ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தை விவரிக்கும் எழுத்து) இருக்கிறதா என்றுதான் அதற்குத் தெரியும், அதில் "படம்1" என்று எழுதியிருந்தாலும் பாஸ் போடும்.

பணம் கட்டும் பக்கம் வேறு நிறுவனத்துடையது என்றாலும், சட்டம் அதையும் கேட்கும். அந்தப் பணம் வாங்கும் கேட்வேக்காரரிடம் அணுகல் இணக்க அறிக்கை கேட்டு வாங்குங்க.

பெங்களூரா_மாங்கா:
நன்றி. ஆப்பில் விலைப் பட்டியல் தினமும் ஜேபெக் படமாகத்தான் வருகிறது. தளத்தின் பழைய தமிழ்ப் பக்கங்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில். 2025-க்கு முந்தைய பிடிஎஃப்களும் கிடக்கின்றன.

டாக்பேக்:
பாமினி பக்கத்தைத்தான் முதலில் தொடணும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் அதை அர்த்தமில்லாத ஆங்கிலமாக உளறும். யூனிகோடுக்கு மாற்றி, பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழ் என்று போடுங்க. குறி ஆங்கிலத்திலேயே கிடந்தால், யூனிகோடாக இருந்தும் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திணறும்.

ஜேபெக்கை எடுத்துவிட்டு விலையை எழுத்தாகவே காட்டுங்க. ரகம், விலை, நேற்றைய வித்தியாசம் மூன்றும் தனித்தனிப் பெட்டியாக இருந்தால் டாக்பேக்கில் (ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான்) மூன்று முறை தள்ளணும், எந்த விலை எந்த ரகத்துக்கு என்று குழம்பும். ஒரு வரியை ஒரே உறுப்பாகச் சேருங்க. ஏற்றம் பச்சை, இறக்கம் சிவப்பு என்று நிறத்தில் மட்டும் விடாமல், "2 ரூபாய் குறைவு" என்று எழுதுங்க. தொடும் பட்டன்கள் 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அளவில் இருக்கட்டும், தோப்பில் வெயிலில் நின்று அழுத்துகிறவருக்கும் அது உதவும்.

ஓசூர்_கம்ப்ளையன்ஸ்:
2025 ஜூன் 28-க்கு முன் ஏற்றிய பிடிஎஃப்களுக்கு ஐரோப்பியச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதே கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றினால் அந்த விலக்கை நம்ப வேண்டாம். செலவு தாங்காது என்று ஏதாவது ஒன்றை விடுவதாக இருந்தால், கணக்கை எழுதி 5 வருஷம் வைத்திருக்கணும். வாயால் சொன்னால் செல்லாது.