எல்கேஜி சேர்க்கும்போது உங்கள் பிள்ளையிடம் என்ன கேட்டார்கள்?

குன்னூர் அம்மா:
போன வருஷம், மகனுக்கு மூன்றரை வயது. வழக்கம்போல படத்தைக் காட்டி “இது என்ன?” என்றார் மிஸ். எருமைப் படம். இவன் “காட்டெருமை!” என்று கத்திவிட்டு நாற்காலியிலிருந்து குதித்து, ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டான். தேயிலைக்குள் அது நின்றால் எங்கள் வீட்டில் முதலில் செய்வது அதுதான். மிஸ் சிரிக்கக்கூட இல்லை, தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கோத்தகிரி அப்பா:
உங்கள் பையனாவது வாயைத் திறந்தான். நாங்கள் வீட்டில் பேசுவது படுகு. அங்கே இங்கிலீஷில் கேட்டார்கள், அப்புறம் தமிழில். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் ஸ்வெட்டர் பட்டன் மாறிப் போட்டிருப்பதைத் தானே கண்டுபிடித்து, ஐந்தையும் கழற்றித் திரும்பப் போட்டாள். அதைப் பார்க்க உள்ளே யாரும் இல்லை.

ஊட்டி பாட்டி (பால்வாடியில் இருந்தவள்):
மிஸ்ஸை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13: சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. நம்மில் யார் கேட்டோம்? பேரனுக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சரி, இனிச் சேர்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏ பி சி டி வேண்டாம். ஒன்றுக்கு வருகிறது என்று வேற்று ஆளிடம் சொல்லத் தெரிகிறதா, டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கிறானா, “செருப்பைக் கழற்றி ஓரமாக வை” என்றால் இரண்டையும் செய்கிறானா, அம்மா கண்ணில் படாவிட்டால் எவ்வளவு நேரம் தாங்குகிறான், அதைப் பாருங்கள். பென்சிலைத் திணிக்காதீர்கள். பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுங்கள், சப்பாத்தி மாவு உருட்டட்டும். விரலுக்குப் பலம் வந்தால் பென்சில் தானாக நிற்கும்.

கோத்தகிரி அப்பா:
அம்மா, அந்தச் சட்டத்தில் குழந்தை என்றாலே 6 முதல் 14 வயது. எல்கேஜிக்கு அது பொருந்தாது என்று ஸ்கூல்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். நான் கேட்டுப் பார்த்தவன்.

குன்னூர் அம்மா:
பட்டாணி எல்லாம் நன்றாகவே உரிப்பான், பாட்டி. மிஸ்ஸைக் குறை சொல்லவும் நான் எழுதவில்லை. கதவைச் சாத்திவிட்டு அவன் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தான். எல்லார் முன்னாலும் அவன் கையில் ஒரு அடி போட்டு, “ஒழுங்காகச் சொல்லு” என்றது நான்தான்.