அரபு மொழியின் மேல்நிலைப் பேச்சு, எழுத்துத் தேர்வுகளுக்கு எவ்வாறு ஆயத்தமாவது?

தக்கலை மாணவன்:

அனைவருக்கும் ஸலாம். தக்கலைக்கு அருகிலுள்ள அரபுக் கல்லூரி ஒன்றில் ஓதி ஆலிம் ஸனது (மார்க்கக் கல்விப் பட்டம்) பெற்றவன் நான். மொழிபெயர்ப்புப் பணிக்காக நான் விண்ணப்பித்துள்ள வெளிநாட்டு நிறுவனம், ஆக்ட்ஃபுல் எனப்படும் அமெரிக்க அமைப்பின் அளவுகோலில் பேச்சு, எழுத்து இரண்டிலும் 'அட்வான்ஸ்டு' தரச் சான்றிதழைக் கேட்கிறது. இப்னு மாலிக்கின் ஆயிரம் பாடல் இலக்கணத்தில் பெரும்பகுதி எனக்கு மனப்பாடம். தஃப்ஸீர் எனப்படும் குர்ஆன் விரிவுரை நூல்களையும் தடையின்றி வாசிப்பேன். ஆயினும் நேற்று நடந்த ஒன்றை அரபியில் சொல்லுங்கள் என்று யாரேனும் கேட்டால், இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் நா எழுவதில்லை. எங்கள் பாடத்திட்டத்தில் இன்ஷா என்ற கட்டுரைப் பாடம் பெயரளவுக்குத்தான் இருந்தது. பேச்சுக்கு எதைப் பயில வேண்டும், எழுத்துக்கு எதைப் பயில வேண்டும், பேசும்போது ஒவ்வொரு சொல்லின் இஅராபையும் (வேற்றுமை காட்டும் இறுதி ஒலி) ஒலிக்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

களியக்காவிளை ஆசிரியை:

வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. எல்லைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில் அரபு ஒரு மொழிப்பாடம் என்பதால், அங்கு கற்பிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் எழுதப்போகும் தேர்வு இலக்கண அறிவை நேரடியாகச் சோதிப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். எழுவாயான ஃபாஇலுக்கு ஏன் உகர ஒலியான ளம்மா வந்தது என்று அங்கு யாரும் கேட்கமாட்டார்கள். அந்த மொழியை வைத்துக்கொண்டு உங்களால் என்ன செய்ய முடிகிறது என்பதையே பார்ப்பார்கள்.

பேச்சுத் தேர்வு என்பது பயிற்சி பெற்ற தேர்வாளர் ஒருவருடன் நிகழும் உரையாடல். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நலம் விசாரிப்பில் தொடங்கி, நீங்கள் சொல்வதிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் பேச்சு எந்த மட்டம் வரை தளராமல் நிற்கிறது, எந்த மட்டத்தில் உடைகிறது என்று அவர் மாறிமாறிச் சோதிப்பார். அட்வான்ஸ்டு தரத்துக்கு எதிர்பார்க்கப்படுவது, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றிலும் நிகழ்ச்சிகளை விவரித்துப் பத்தி அளவில் தொடர்ந்து பேசுவதும், எதிர்பாராத ஒரு சிக்கலைப் பேசிச் சமாளிப்பதும் ஆகும். ஒரு முறை நன்றாகச் சொல்லிவிட்டால் போதாது; உரையாடல் முழுவதும் அந்தத் தரம் நிலைக்க வேண்டும். இடையிடையே அரசியல், பொருளாதாரம் போன்ற அருவமான பொருள்களைப் பற்றிக் கேட்பார்கள். அது அடுத்த படியான 'சுப்பீரியர்' தரத்துக்கான சோதனை. அங்கு தடுமாறுவது இயல்பே, அதற்காக மனம் தளர்ந்து அடுத்த கேள்வியையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பயிற்சிக்கு நம் ஊர்ச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கிய இரவை அரபியில் சொல்லிப் பாருங்கள். 'காற்று வலுத்துக்கொண்டிருந்தது' என்பது பின்னணி; அதற்குக் கான ('இருந்தது') என்ற சொல்லையும் முளாரிஉ (நிகழ்கால, எதிர்கால) வினையையும் சேர்த்து, 'கானத்திர் ரியாஹு தஷ்தத்து' என்று வர வேண்டும். 'மின்சாரம் அறுந்தது' என்பது நிகழ்ச்சி; அதற்கு மாளி (இறந்தகால) வினை போதும்: 'இன்கதஅத்தில் கஹ்ரபாவு'. பின்னணியையும் நிகழ்ச்சியையும் இவ்வாறு பிரித்துப் பின்னத் தெரிந்தவுடன் கதை தானாக நீளும். இதை விட்டுவிட்டு எல்லா வினைகளையும் மாளியிலேயே அடுக்குவதுதான் நம் மாணவர்களிடம் நான் அதிகம் காண்பது. வாழையும் ரப்பரும் சாய்ந்தது, கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் காத்திருந்தது என ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாகச் சொல்லிக் கைபேசியில் பதிந்து கேளுங்கள். வினை எங்கெங்கே தவறுகிறது என்பது உங்கள் காதுக்கே பிடிபடும்.

சிக்கலைச் சமாளிக்கும் பகுதியில் ஒரு சிறு நாடகம் நடிக்கச் சொல்வார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கினீர்கள், பெட்டி வரவில்லை, அலுவலர் பொறுப்பேற்க மறுக்கிறார் என்று வைத்துக்கொண்டு தோழர் ஒருவருடன் வாதிட்டுப் பழகுங்கள்.

குளச்சல் கடலோரம்:

நான் பஹ்ரைனில் மீன்பிடித் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன். ஓதிப் படித்தவன் அல்லன். ஆசிரியை சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஊரில் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் பலர் இருப்பதால், அவர்களிடம் பேசிப் பழகினால் போதும் என்று யாராவது சொல்லக்கூடும். கூச்சம் தெளிவதற்கும் வேகமான பேச்சு காதில் ஏறுவதற்கும் அது நல்ல வழிதான். ஆனால் எங்களில் பலர் பேசுவது 'மாஃபீ' (இல்லை), 'கலாஸ்' (முடிந்தது) என்று வினைத்திரிபே இல்லாமல் வேலைத்தளத்தில் ஒட்டுப்போட்டுக்கொண்ட அரபு. அரபி முதலாளி வீட்டில் பேசுவதும் அதுவல்ல, செய்தியில் வாசிப்பதும் அதுவல்ல. அதைத் தேர்வறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இடலாக்குடி வாசகன்:

எழுத்துத் தேர்வைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மொத்தம் 90 நிமிடங்கள், நான்கு வினாக்கள். யாருக்கு, எதற்காக, எவ்வளவு எழுத வேண்டும் என்பது ஒவ்வொரு வினாவிலும் சொல்லப்பட்டிருக்கும். பெரும்பாலும் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், அரபு விசைப்பலகையில் விரல் பழகாதவர் எவ்வளவு கற்றிருந்தாலும் நேரத்தில் தோற்றுப்போவார். சொல்லின் இறுதியில் வரும் தா மர்பூதா எழுத்தின் இரு புள்ளிகளை விட்டு ஹாவாக அடிப்பது, ஹம்ஸா என்ற குறியைச் சுமக்க வேண்டிய அலிஃப் எழுத்தை வெறும் அலிஃபாக விடுவது ஆகிய இரண்டும் மதரசாவில் கையெழுத்தில் யாரும் பொருட்படுத்தாதவை. அச்சில் அவை பளிச்சென்று தெரியும்.

நடையைப் பொறுத்தவரை என் கருத்து கொஞ்சம் கடுமையானது: ஓதிப் படித்தவர்கள் எழுதும் அரபு, ஜும்ஆ பயானை (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு) போல் ஒலிக்கிறது. எதுகை, நீண்ட புகழ்ச்சித் தொடக்கம், அடுக்குமொழி எல்லாம் அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தா. 'தஹிய்யதன் தய்யிபதன் வ பஅது' (நல்வாழ்த்து, அதன்பின்) என்று தொடங்கி நேராகப் பொருளுக்கு வந்து, 'வ தஃபள்ளலூ பிகபூலி ஃபாஇகில் இஹ்திராம்' (மிகுந்த மரியாதையை ஏற்றருள்க) என்று முடிப்பதே இன்றைய வழக்கு. அல்ஜஸீரா தளத்தின் கருத்துக் கட்டுரை ஒன்றை நாள்தோறும் எடுத்து, ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு எழுத்தாளர் எந்த இணைப்புச் சொல்லால் கடக்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் 'போய், பார்த்து, கேட்டு' என்று எச்சங்களை அடுக்கும் நாம் அரபியிலும் வாக்கியத்தை முடிக்காமலே இழுத்துக்கொண்டு போகிறோம். அரபிக்கு வா (உம்), ஃபா (உடனே), ஸும்ம (பிறகு) என்ற இணைப்புச் சொற்கள் தத்தம் இடத்தில் வேண்டும்.

எண்களை மறவாதீர்கள். மூன்று படகுகள் 'ஸலாஸத்து கவாரிப' (பன்மை), இருபது படகுகள் 'இஷ்ரூன காரிபன்' (ஒருமை). விதி உங்களுக்குத் தெரியும். கடிகாரம் ஓடும்போது கை அதைச் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

தக்கலை மாணவன்:

மூவருக்கும் நன்றி, ஜஸாக்குமுல்லாஹு கைரன். இஅராப் பற்றிய ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எங்கள் உஸ்தாது, கடைசி உயிரொலியை விழுங்குவது ஃபுஸ்ஹா என்ற செந்தர அரபுக்குச் செய்யும் அவமதிப்பு என்பார்.

களியக்காவிளை ஆசிரியை:

உஸ்தாது மேடைக்கும் வாசிப்புக்கும் சொன்னது அது, தம்பி. படித்த அரபிகளும் இயல்பாகப் பேசுகையில் பெரும்பாலான இறுதி உயிரொலிகளை விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒலிக்க முனைந்தால் வேகம் குறைவதோடு, அவசரத்தில் தவறான ஒலியைக் கொடுத்து, மறைந்திருந்திருக்கும் பிழையை நீங்களே வெளியே காட்டுவீர்கள். 'தக்ரீபன்', 'ஜித்தன்' போன்ற, 'ன்' ஒலியில் முடியும் தன்வீன் சொற்களையும், பிரதிப்பெயர் ஒட்டும் இடங்களையும் முழுமையாக ஒலியுங்கள். நிறுத்தும் இடத்தில் ஸுகூன் (உயிரொலி இல்லாத மெய்) போதும். இன்னொன்று: குர்ஆன் ஓதும் முறையான தஜ்வீத் பயின்ற நாவில் மத்தும் (உயிர் நீட்டம்) குன்னாவும் (மூக்கொலி) பேச்சிலும் நீண்டு வரும். மக்ரஜ் (எழுத்தின் ஒலிப்பிடம்) சுத்தமாக இருக்கட்டும், நீட்டத்தை மட்டும் கிராஅத்தோடு (குர்ஆன் ஓதுதல்) வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி தொலைந்த நாடகத்துக்குத் துணை கிடைக்காவிட்டால் எழுதுங்கள், விடுமுறை நாள் மாலையில் தொலைபேசியில் நானே அந்த அலுவலராக மறுத்துப் பேசுகிறேன்.