வன்னிக் காட்டுப் பாதைகளில் ஓடும் வாகனங்களுக்கு எந்த இருவழி வானொலி பொருத்தம்?

வயலோரம்:
வணக்கம் உறவுகளே. முத்தையன்கட்டுப் பக்கம் எங்களுக்கு வயல் இருக்கிறது. பெரும்போக அறுவடை தொடங்கினால் ஒரு லொறியும் இரண்டு உழவு இயந்திரங்களும் வயலுக்கும் நெற்களஞ்சியத்துக்கும் இடையே இரவு பகலாக ஓடும். காட்டுப் பாதையில் பல இடங்களில் கைத்தொலைபேசி எடுபடுவதில்லை. சென்ற போகத்தில் லொறி சேற்றில் புதைந்தபோது, சாரதி யானை நடமாடும் வழியில் இருட்டில் நடந்து வந்துதான் எங்களுக்குச் சொன்னார். வாகனங்களில் பூட்டும் வானொலிக்கு வீஎச்எஃப் (VHF) அலை நல்லதா, அதைவிட அதிர்வெண் கூடிய யூஎச்எஃப் (UHF) அலை நல்லதா? வலு 25 வோற் போதுமா, 50 வோற் வேண்டுமா? கையில் பிடிக்கும் வோக்கிடோக்கியே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

ஏ9 சாரதி:
தம்பி, கருவியைத் தேடுவதற்கு முன் அனுமதியைத் தேடுங்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை இறக்குமதி செய்யவோ பயன்படுத்தவோ இயலாது. அலைவரிசையை ஒதுக்குவதும் அவர்களே என்பதால், முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால், ஒதுக்கப்படும் அலைவரிசை உங்கள் கருவிக்குள் அடங்காமல் போகலாம். வோக்கிடோக்கி கையில் இருந்தாலே கேள்வி எழுந்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். உரிமத்தின் பிரதியை ஒவ்வொரு வாகனத்திலும் வைத்திருங்கள்.

மின்திருத்துநர்:
ஏ9 சாரதி அண்ணா சொன்னதுதான் முதற்படி. அதன் பிறகு, வோற்றை விட அன்ரனாவைப் பற்றியே அதிகம் யோசியுங்கள். வலுவை 25இலிருந்து 50 வோற்றாகக் கூட்டினால் கிடைப்பது 3 டெசிபல் (அலையின் பலத்தை ஒப்பிடும் அலகு) மட்டுமே, தூரம் இரட்டிக்காது. எங்கள் நிலம் சமதரை என்பதால் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கிறது. 2 மீற்றர் உயரத்தில் அன்ரனா உள்ள இரு வாகனங்களுக்கிடையே வெளிநிலத்தில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர்தான் நேர்ப்பார்வை, அதாவது தரை மறைக்காமல் அலை செல்லும் தூரம், உண்டு. களஞ்சியத்தில் 15 மீற்றர் கம்பம் நட்டால் அங்கிருந்து வாகனம் வரை அது 20ஐத் தாண்டும். பாலையும் வீரையும் அடர்ந்த காடு இதைக் குறைக்கும். ஆனால் இலை தழை யூஎச்எஃப் அலையை உறிஞ்சும் அளவுக்கு வீஎச்எஃப் அலையை உறிஞ்சாது. ஆகவே உங்களுக்கு வீஎச்எஃப், 25 வோற், கூரையின் நடுவில் அரை மீற்றர் அளவான கால் அலை அன்ரனா (நீளம் அலைநீளத்தில் காற்பங்கு). வோக்கிடோக்கி 5 வோற்தான், அதிலும் லொறியின் இரும்புக் கூட்டுக்குள்ளிருந்து பேசினால் அலையில் கணிசமான பங்கு உள்ளேயே நின்றுவிடும்.

லொறியில் ஒரு கவனம் தேவை. அதன் மின்சாரம் 24 வோல்ற், கருவிக்கு வேண்டியது 12. நான் தொழில் பழகிய காலத்தில், தொடராக இணைத்த இரு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் எடுத்துக் கொடுத்தேன். கருவி நன்றாகவே வேலை செய்தது. சில மாதங்களில் அந்தப் பற்றரி இறங்கிப்போக, மற்றது அளவுக்கு மீறி மின்னேறி, மூடியைத் திறந்தபோது தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. உரிமையாளருக்கு இரண்டையும் நானே மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 24இலிருந்து 12க்குக் குறைக்கும் மாற்றியைக் கட்டாயம் போடுங்கள். வயரைப் பற்றரியிலிருந்தே நேராக எடுத்து, பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் வையுங்கள்.

வயலோரம்:
மிக்க நன்றி அண்ணா. உழவு இயந்திரத்துக்குக் கூரையே இல்லையே, அன்ரனாவை எங்கே பூட்டுவது?

மின்திருத்துநர்:
கால் அலை அன்ரனாவுக்குக் கீழே இரும்புத் தளம் வேண்டும். அது இல்லாத இடத்தில் அரை அலை அன்ரனாவை வாங்கி, சில்லுக்கு மேலுள்ள மட்காட்டில் நிமிர்ந்த குழாய் ஒன்றை வெல்டிங் செய்து அதன் உச்சியில் பூட்டுங்கள். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும்படி தனி ஸ்பீக்கர் ஒன்றும், தூசிக்கும் மழைக்கும் மூடிய பெட்டியும் வேண்டும். பூட்டியதும், அன்ரனாவுக்குப் போகாமல் திரும்பிவரும் அலையின் அளவைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் (SWR) மீற்றரால் அளந்து பாருங்கள், 1.5க்கு மேல் காட்டினால் கேபிள் இணைப்பைச் சரிபார்க்காமல் நீண்ட நேரம் பேச வேண்டாம்.