பிளாட்ஹெட் வி8-க்கு எந்த எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் சரி?

வணக்கம் நண்பர்களே. கலிபோர்னியாவில் 1932 ஃபோர்டு ஹாட் ராடு (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) ஒன்றைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் 239 கன அங்குல பிளாட்ஹெட் வி8 (வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வகை), மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர். வெயிலில் அரை மணி நிறுத்தினால் போதும், பெட்ரோல் ஆவியாகி மெக்கானிக்கல் பம்ப் இழுக்க மாட்டேன் என்கிறது.

போன வாரம் 5 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) பம்ப் ஒன்றை மாட்டினேன். பெட்ரோல் வரத்தை அடைக்கும் நீடில் வால்வு தாங்காமல் கார்புரேட்டர் பொங்கி, மேனிஃபோல்டெல்லாம் பெட்ரோல். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை! அப்புறம்தான் புரிந்தது, இதற்கு இரண்டரை, மூன்று பிஎஸ்ஐக்கு மேல் ஆகாது.

டக் டக்கென்று அடிக்கும் சாலினாய்டு பம்ப் போதுமா, ரோட்டரி பம்போடு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வைப்பதா? வண்டி இன்னும் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்). டேங்க் பக்கத்தில், தாழ்வாக மாட்டத்தான் எண்ணம். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க ஆயில் பிரஷர் சுவிட்ச் வைத்தவர்கள் வயரிங்கைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.