செப்டம்பர் கடைசியில் அம்மாவுடன் 7 இரவுகள்: லிஸ்பனா, வியன்னாவா?

வடசேரி வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவி தக்கலைக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியை. காலாண்டுத் தேர்வு முடிந்து செப்டம்பர் கடைசியில் வரும் விடுமுறையில், என் 68 வயது அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூவராக ஐரோப்பா சென்று வர எண்ணியிருக்கிறோம். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறித் திரும்பி வந்து இறங்கும் நாள்களைக் கழித்தால், அங்கே தங்க 7 இரவுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. நாங்கள் விசாரித்த பயண முகவர் ஒருவர் பாரிஸ், சுவிட்சர்லாந்து, வெனிஸ், ரோம் ஆகிய நான்கையும் அந்த 7 இரவுகளுக்குள் திணித்து ஒரு திட்டம் கொடுத்தார். அதைப் படித்தபோதே எனக்குக் கால் வலித்தது.

அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. சமதளமாக இருந்தால் ஒரு மணி நேரம் மெதுவாக நடப்பார். படி ஏறினால் மறுநாள் படுத்துவிடுவார். குளிர் பழக்கமில்லை. மீன் இல்லாமல் சோறு இறங்காது. எனவே ஒரே நாடு, ஒரே ஊரில் அறை, அங்கிருந்து பகல் பயணங்கள் என்று முடிவு செய்து, போர்ச்சுகலின் லிஸ்பன், ஆஸ்திரியாவின் வியன்னா என்ற இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறோம். மஞ்சளாகி உதிரும் இலைகளைப் பார்க்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

குளச்சல்காரர்:

முதலில் இலை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் மனைவி என்மீது வருந்தக் கூடாது. படங்களில் காணும் பொன்னிற மரங்கள் மத்திய ஐரோப்பாவில் பெரும்பாலும் அக்டோபர் நடுவில்தான் அந்த நிறத்தை அடைகின்றன. செப்டம்பர் கடைசியில் ஆங்காங்கே சில கிளைகள் பழுத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே இலையை வைத்து ஊரைத் தேர்வு செய்ய வேண்டாம். வெயிலையும் வெளிச்சத்தையும் வைத்துத் தேர்வு செய்யுங்கள்.

அப்படிப் பார்த்தால் என் வாக்கு லிஸ்பனுக்கே. செப்டம்பரில் அங்கே பகல் வெப்பம் ஏறத்தாழ 26 பாகை, மழை மிகக் குறைவு. நம் ஊர் மார்கழிக் காலைக்குச் சால்வை போர்த்துகிறவருக்கு அந்த இரவுக் குளிரும் தாங்கும். மாத இறுதியிலும் மாலை ஏழேகால் மணிக்கு மேல்தான் சூரியன் மறைவதால், மதியம் அம்மாவை உறங்கவைத்துவிட்டு மாலையில் மறுபடியும் வெளியே கிளம்பலாம். முதியவர்களுடன் செல்லும் பயணத்தில் இந்த ஒரு வசதி நாளையே இரண்டாக்கிக் கொடுக்கிறது என்பது என் அனுபவம்.

உணவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நம் சாளையை அவர்கள் கல்லுப்பு தூவிக் கனலில் சுட்டு முழுதாகத் தட்டில் வைப்பார்கள். மசாலா இல்லையே என்று அம்மா முதல் நாள் முணுமுணுப்பார், இரண்டாம் நாள் இன்னொன்று கேட்பார். உப்பிட்டு உலர்த்திய காட் மீனும் உண்டு. நம் கருவாட்டுக்கு உறவு என்று சொல்லலாம், ஆனால் நீரில் நன்றாக ஊறவைத்து உப்பை நீக்கியே சமைக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கும் கொல்லாம்பழமும் பிரேசிலிலிருந்து நம் மண்ணுக்கு வந்தது இந்தப் போர்ச்சுகீசியர்களுடைய கப்பல்களில்தான். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்று விடுதி அறைக்குள் நீங்கள் சொல்லும் பாதிச் சொற்கள் அவர்களிடமிருந்து வந்தவை என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

லிஸ்பனின் பெலேம் பகுதிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஆற்றங்கரையை ஒட்டிய சமதளம் அது. 1497இல் கோழிக்கோடு நோக்கிப் புறப்பட்ட வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்தில் இருக்கிறது. 1524இல் கொச்சியில் இறந்து முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர்தான். மடாலயத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்துச் செவிலி, வியன்னாவிலிருந்து:

அண்ணன் சொன்ன சாளையையும் வெயிலையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கேள்வியில் இருந்த முக்கியமான சொல் மூட்டுவலி. அதற்கு அவர் பதில் சொல்லவே இல்லை. லிஸ்பன் குன்றுகளின்மேல் எழுந்த ஊர். நடைபாதையில் பதித்திருக்கும் சிறு சிறு சுண்ணாம்புக் கற்கள் தேய்ந்து வழுவழுப்பாகி, இறக்கத்தில் என் போன்றவர்களையே வழுக்கிவிடுகின்றன. புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் ஏறினால் நெரிசலில் நிற்க வேண்டும். பணப்பையிலும் ஒரு கண் வேண்டும்.

வியன்னாவில் சுரங்க ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் மின்தூக்கி இருக்கிறது. நகர நடுப்பகுதி பெரும்பாலும் சமதளம். வட்டச் சாலையில் ஓடும் டிராமில் உட்கார்ந்தபடியே நாடாளுமன்றம், நகர மன்றம், ஓப்பரா அரங்கம் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ஷோன்புருன் அரண்மனைத் தோட்டத்திற்குக் கட்டணம் கிடையாது. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருவது என்பதால் தயங்காமல் குடிக்கலாம். இலை பழுக்காவிட்டாலும் அது திராட்சை அறுவடைக் காலம். மெல்க் ஊருக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து டான்யூபில் படகில் கிரெம்ஸ் வரை இறங்கினால், இரு கரையிலும் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டங்களைக் காணலாம். உங்கள் மனைவியின் ஆசைக்கு அதுவே ஈடாகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பகலில் 20 பாகை, இரவில் 12 பாகைக்குக் கீழ் என்று இருக்கும். மழை பிடித்தால் விடாது. 2024 செப்டம்பர் நடுவில் பெய்த பெருமழையில் இங்கே ரயில் பாதைகளே மூழ்கின. கடல் மீன் கிடைக்கும், ஆனால் குளச்சல் நாவுக்கு அது மீனே அல்ல. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கோட்டாறு வாசி:

இரண்டில் எதுவானாலும் சரி, அந்த வாரத்தில் மியூனிக் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள். அங்கே நடக்கும் அக்டோபர் விழா என்னும் பீர் திருவிழா, பெயருக்கு மாறாகச் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும்; அது தெரியாமல் பதிவு செய்து, ஒரு சிறிய அறைக்கு வழக்கமான வாடகையைப்போல மூன்று மடங்கு கொடுத்தவன் நான்.

இந்த இரண்டு நாடுகளும் அடங்கிய ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதங்கள் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம், கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அம்மாவின் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் உறவுக்கான சான்றையும் அவருடைய விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

வடசேரி வாசகர்:

மூவருக்கும் நன்றி. தங்கை எழுதியதைப் படித்தபின் வியன்னா என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டு, நேற்றிரவு எல்லாப் பதில்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சவேரியார் 1541இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது லிஸ்பனில்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ஆண்டுதோறும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறவர் அவர். "அப்ப அந்தக் கரையைத்தான் எனக்குப் பாக்கணும், படகும் திராட்சையும் நீங்க பொறவு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனவே லிஸ்பன். குன்றில்லாத பகுதியில் அறை எடுக்க எங்கே தேடுவது? லிஸ்பனுக்கு அருகே உள்ள சிந்த்ரா ஊரின் அரண்மனைக்கு அம்மாவால் ஏற முடியுமா?

குளச்சல்காரர்:

தங்கை கண்டித்தது நியாயமே, எழுதும்போது மீன் என் கண்ணை மறைத்துவிட்டது. பாய்ஷா பகுதியில் தேடுங்கள். 1755 நிலநடுக்கத்தில் அழிந்தபின் நேர்த் தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டிய தாழ்வான பகுதி அது, நடப்பதற்குச் சிரமமில்லை. மின்தூக்கி உள்ள கட்டடமா என்று பதிவுக்கு முன் எழுதிக் கேளுங்கள், பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை.

சிந்த்ராவின் பேனா அரண்மனை மலையுச்சியில் இருக்கிறது, அம்மாவுக்கு வேண்டாம். அதற்குப் பதிலாகக் கடலோரமாக ஓடும் ரயிலில் கஷ்காய்ஷ் ஊருக்குச் சென்று, அங்கிருந்து வாடகைக் காரிலோ பேருந்திலோ ரோக்கா முனைக்குப் போங்கள். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி அது. குமரிமுனையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அங்கே நிற்பது தனி உணர்வு. காற்று மட்டும் முப்பந்தல் காற்றைப்போல அடிக்கும். அம்மாவின் சால்வையை மறந்துவிடாதீர்கள்.